தெரிஞ்ச கதைதான்... ஆனாலும் ஏன் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம்?

ஆபீஸ் முடிஞ்சு ரூமுக்கு வந்தாச்சு. பார்சல் பரோட்டா ஆறிக்கிட்டு இருக்கு. ஓ.டி.டி-யில் புதுப்படம் தேடியே அரை மணி நேரம் போயிடுச்சு. கடைசியில் நீங்கள் ப்ளே பண்ணுவது எதை? அதே 'பஞ்சதந்திரம்'. எத்தனையாவது தடவைன்னு உங்களுக்கே கணக்குத் தெரியாது!

இதை சோம்பேறித்தனம்னு நினைச்சுடாதீங்க. ஒரு விஷயம் அடிக்கடி கண்ணில் பட்டாலே அதன்மேல் பிரியம் கூடும் என்று, உளவியலாளர் ராபர்ட் ஸயன்ஸ் 1968-லேயே சோதனைகள் மூலம் காட்டிவிட்டார். 2012-ல் கிறிஸ்டல் ரஸ்ஸல், சிட்னி லெவி என்ற இரு ஆய்வாளர்கள், பார்த்த படத்தையே பார்ப்பவர்களிடம் பேசினார்கள். படம் அப்படியேதான் இருக்கு, நாமதான் மாறியிருக்கோம். எவ்வளவு மாறியிருக்கோம்னு தெரிஞ்சுக்கவும் பழைய படம் உதவுது என்பது அவர்களின் முக்கியமான கண்டுபிடிப்பு.

சிரிப்புப் படம் ஓகே. ஆனா, சேராத காதலைச் சொல்லும் 'விண்ணைத்தாண்டி வருவாயா' எப்படி ஆறுதல் தருது? சென்னை அண்ணா நகரில் உள்ள ஒரு மாலில், மறுவெளியீட்டில் அது ஆயிரம் நாளைத் தாண்டி ஓடியது. காரணம் சிம்பிள். வலி எந்த சீனில் வரும்னு முன்னாடியே தெரியும். நிஜ வாழ்க்கை அந்த வசதியைத் தர்றதில்லையே!

இந்த ஏக்கத்தை தியேட்டர்களும் புரிஞ்சுக்கிட்டாங்க. 2024 ஏப்ரல் 19-ல் தமிழகத்தில் நாடாளுமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு. பெரிய புதுப்படங்கள் எதுவும் இல்லை. மறுநாளே திரைக்கு வந்தது, 20 வயசான 'கில்லி'. 2004-ல் ஸ்கூல் யூனிஃபார்மில் இருந்தவங்க, அப்போ பிறக்கவே பிறக்காதவங்க என எல்லோரும் சேர்ந்து ஆட்டம் போட்டாங்க. செல்போனில் தனியா பார்த்த படத்தை, நூறு பேரோடு சேர்ந்து பார்க்கிறது வேற லெவல் ஆறுதல்.

ஆனால், இங்கேதான் ஒரு சிக்கல். பழைய படத்துக்குப் புதுசா ஷூட்டிங் செலவு இல்லை, விளம்பரமும் பெருசா தேவையில்லை. அது ஒரு ஸ்கிரீனைப் பிடிச்சா, அந்த வாரம் வரும் சின்னப் படத்துக்கு ஒரு ஸ்கிரீன் குறையும்.

'அன்பே சிவம்' ஞாபகம் இருக்கா? 2003-ல் வந்தபோது தியேட்டரில் பெரிதாகப் போகவில்லை. அப்புறம் டி.வி-யில் பார்த்துப் பார்த்துத்தான் கொண்டாட ஆரம்பித்தோம். இன்னைக்குப் பலருக்கும் மனசு சரியில்லாத நாளின் மருந்து அது. யாரோ ரிஸ்க் எடுத்து அதைப் புதுப்படமா எடுத்ததால்தான், நமக்கு இன்னைக்கு அது பழைய படமா கிடைச்சிருக்கு.

அதனால், பிடிச்ச படத்தை நூறாவது தடவை தாராளமா பாருங்க. குற்ற உணர்ச்சியே வேண்டாம். கூடவே மாசத்துக்கு ஒரு தடவையாவது, யாரும் பெருசா பேசாத ஒரு புதுப்படத்துக்கும் டிக்கெட் போடுங்க. பத்து வருஷம் கழிச்சு, ஆறின பரோட்டாவோடு நீங்க தேடப்போற படம் அதுவாகக்கூட இருக்கலாம்!