மண்ணறிந்து உரமிடுவோம்

நிலத்தடி நீர்மட்டம் குறைந்தால் நாடாளுமன்றத்தில் குரல் எழுகிறது. எஞ்சியுள்ள நீர் குடிக்கத் தக்கதா என்ற கேள்விக்கு அந்த முக்கியத்துவம் கிடைப்பதில்லை.

மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் 2024-ஆம் ஆண்டுத் தர அறிக்கையின்படி, நைட்ரேட் வரம்பு மீறிக் காணப்பட்ட மாவட்டங்கள் 2017-இல் 359, 2023-இல் 440. சோதிக்கப்பட்ட நீர் மாதிரிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று, லிட்டருக்கு 45 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டியிருக்கிறது. ராஜஸ்தானில் இது 49 சதவீதம், கர்நாடகத்தில் 48 சதவீதம், தமிழகத்தில் 37 சதவீதம்.

கழிவுநீரும் சாணக் குவியலும் காரணம் என்றாலும், வயலில் கொட்டப்படும் யூரியாவின் பங்கு பெரிது. யூரியா மண்ணில் நைட்ரேட்டாக மாறுகிறது. நைட்ரேட்டும் களிமண் துகளும் எதிர்மின் தன்மை கொண்டவை என்பதால் மண் அதைப் பிடித்து வைப்பதில்லை. மழைநீர் செல்லுமிடமெல்லாம் அதுவும் செல்கிறது.

மணற்பாங்கான நிலத்தில் ஒரு பெருமழையே அதை வேருக்குக் கீழே இறக்கிவிடும். களிமண்ணில் நீர் மெல்ல இறங்கும்; நீர் தேங்கிக் காற்றோட்டம் இல்லாத நிலையில் நைட்ரேட்டின் ஒரு பகுதி நைட்ரஜன் வாயுவாகி வெளியேறும். ஆனால், கோடையில் பிளந்து கிடக்கும் கரிசல் நிலத்தில் முதல் மழை வெடிப்புகள் வழியே நேராக ஆழத்துக்குப் பாய்கிறது. ஒரே அளவு யூரியா ஓரிடத்தில் பயிருக்கு உணவாவதும், வேறிடத்தில் கிணற்றுக்கு நஞ்சாவதும் இதனால்தான்.

இந்த வேறுபாட்டை அரசின் கொள்கை கண்டுகொள்ளவில்லை. 2010-இல் வந்த ஊட்டச்சத்து அடிப்படையிலான மானியத் திட்டத்தில் யூரியா சேர்க்கப்படவில்லை. யூரியா மலிவாகவும் மற்ற உரங்கள் விலை கூடியும் இருக்கும்போது, விவசாயி யூரியாவை நாடுவதைக் குறை கூற முடியாது. 2015-இல் தொடங்கப்பட்ட மண்வள அட்டையின் 12 அளவீடுகளில் நிலம் மணற்பாங்கா, களிப்பாங்கா என்பது இடம்பெறவில்லை. உர மானியம் ஓர் அமைச்சகத்திடம். மண்வள அட்டை மற்றோர் அமைச்சகத்திடம். நிலத்தடி நீர் மூன்றாவது அமைச்சகத்திடம். நைட்ரேட்டுக்கு இந்த எல்லைகள் தெரியாது.

மண்ணின் தன்மையையும் மழை முன்னறிவிப்பையும் இணைத்து, எப்போது, எவ்வளவு உரமிடலாம் என விவசாயிக்குச் சொல்ல வேண்டும். யூரியாவைப் பல தவணைகளாகப் பிரித்து இடுவதை ஊக்குவிக்க வேண்டும். மானியத்தில் உள்ள ஏற்றத்தாழ்வையும், விவசாயியின் சுமை கூடாதவாறு, படிப்படியாகச் சீரமைக்க வேண்டும்.

நைட்ரேட் மிகுந்த நீரில் கரைத்த பால், கைக்குழந்தையின் ரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறனைக் குறைத்து உயிருக்கே ஆபத்தாகலாம். காய்ச்சினாலும் நைட்ரேட் நீங்காது. நீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடவே செய்யும். மண்ணுக்குள் இறங்கிய நைட்ரேட்டை மீட்பது எளிதல்ல. இறங்காமல் தடுப்பதே அறிவுடைமை!