பிரஷர் இல்லாதவருக்கு எதற்கு பிரஷர் மாத்திரை?

காஞ்சிபுரத்திலிருந்து வேலூர் போகும் வழியில், பாலுசெட்டி சத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது திருப்புட்குழி. விஜயராகவப் பெருமாள் கோயிலும் ஜடாயு தீர்த்தமும் உள்ள ஊர். சுற்று வட்டாரம் பட்டுத் தறிக்குப் பேர்போனது. அங்கே ஐம்பது வயது நெசவாளர் ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பத்து வருஷமாக சர்க்கரை. சிறுநீர் சோதனையில் புரதம் இரண்டு பிளஸ். டாக்டர் எனலாப்ரில் எழுதித் தருகிறார். மெடிக்கல் ஷாப்பில் "இது எதுக்குங்க?" என்று கேட்டால் "பிரஷருக்கு" என்று பதில் வருகிறது. அவருக்கோ பிரஷர் 120/80. "இல்லாத வியாதிக்கு மாத்திரையா?" என்று ஒரே வாரத்தில் நிறுத்திவிடுகிறார்.

இப்படி நிறுத்துகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அவர்களைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. "புரதம் போகுது" என்று மட்டும் சொல்லிவிட்டு, அது உள்ளே என்ன செய்கிறது என்பதைச் சொல்லாமல் விட்டால் யாராக இருந்தாலும் நிறுத்தத்தான் செய்வார்கள். "சத்து போகுதா, அப்போ நாலு முட்டை கூடச் சாப்பிட்டா போச்சு" என்று கணக்குப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அது அதைவிடப் பெரிய தப்பு. முட்டையும் பயறும் இந்த ஓட்டையை அடைக்காது. புரத பவுடர் இன்னும் மோசம், சிறுநீரகத்துக்கு வேலையைத்தான் கூட்டும்.

சிறுநீரில் புரதம் என்பதை எல்லோரும் ஒரு அடையாளமாக மட்டுமே பார்க்கிறார்கள். வடிகட்டி பழுது, அதனால் ஒழுகுகிறது, அவ்வளவுதான் என்று. உண்மையில் ஒழுகும் புரதமே அடுத்த கேட்டைச் செய்யும் ஆள். சிறுநீரகத்துக்குள் ஓடும் ஹார்மோன் தகவல்களை அது கலைத்துப்போடுகிறது.

சிறுநீரகம் என்றால் வெறும் சல்லடை என்ற எண்ணத்தை முதலில் விட வேண்டும். அது ஹார்மோன்களைச் செய்யும் இடம், ஹார்மோன்களின் பேச்சைக் கேட்டு நடக்கும் இடமும்கூட. ரெனின் அங்கேதான் சுரக்கிறது (1898-ல் ஸ்டாக்ஹோமில் டைகர்ஸ்டெட், பெர்க்மன் என்ற இருவர் முயல்களில் கண்டுபிடித்தது). எலும்பு மஜ்ஜையை ரத்த சிவப்பணு செய்யச் சொல்லும் எரித்ரோபாய்ட்டின் அங்கிருந்துதான் பெரும்பாலும் வருகிறது. வைட்டமின் டி-க்கு கடைசி மெருகு ஏறி அது ஹார்மோனாக மாறுவதும் அங்கேதான்.

ரெனின் ஒரு சங்கிலியைத் தொடங்கி வைக்கிறது. அதன் முடிவில் வருவது ஆஞ்சியோடென்சின் 2. உடம்பு முழுக்க ரத்தக்குழாயை இறுக்குவது இதன் வேலை. சிறுநீரகத்தில் இன்னொரு வேலையும் உண்டு. வடிகட்டும் முடிச்சுக்குள் ரத்தம் போக ஒரு குழாய், வெளியே வர ஒரு குழாய். ஆஞ்சியோடென்சின் வெளியே வரும் குழாயைத்தான் அதிகமாக நெரிக்கிறது. தோட்டத்து பைப்பின் நுனியை விரலால் அழுத்தினால் என்ன ஆகும்? உள்ளே அழுத்தம் ஏறும். கையில் பட்டை கட்டிப் பார்க்கும் பிரஷர் 120 காட்டும்போதே இந்த முடிச்சுக்குள் மட்டும் அழுத்தம் எகிறி இருக்கலாம். சர்க்கரை நோயாளிகளிடம் நடப்பது பெரும்பாலும் இதுதான். எந்தக் கருவியும் அதை வெளியிலிருந்து அளந்து சொல்லாது. சொல்வது சிறுநீரில் வரும் புரதம்.

ஒழுக ஆரம்பித்த புரதம் அடுத்து வருவது நுண்குழாய்க்கு. ஒரு நாளைக்கு சுமார் 180 லிட்டர் வடிகட்டப்படுகிறது. அதில் தப்பி வரும் கொஞ்சநஞ்சப் புரதத்தைப் பொறுக்கி எடுக்க நுண்குழாய்ச் சுவரில் மெகாலின், கியூபிலின் என்று இரண்டு வாங்கிகள் இருக்கின்றன. கொஞ்சம் வந்தால் சமாளிக்கும். வெள்ளமாக வந்தால்? வேலை தாங்காமல் அந்தச் செல்கள் அழற்சித் தகவல்களை வெளியே அனுப்புகின்றன. சுற்றிலும் தழும்பு விழுகிறது.

ஹார்மோன் குழப்பம் தொடங்குவதும் இங்கேதான். கல்லீரல் செய்யும் ஆஞ்சியோடென்சினோஜன் என்ற மூலப்பொருளும் ஒரு புரதம்தான். நல்ல வடிகட்டி அதை உள்ளே விடாது. ஓட்டை விழுந்த வடிகட்டி விட்டுவிடும். அது நுண்குழாய்க்குள்ளேயே ஆஞ்சியோடென்சின் 2 ஆக மாறுகிறது என்று எலிகளில் செய்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கதை புரிகிறதல்லவா... ஆஞ்சியோடென்சினால் ஒழுக்கு, ஒழுக்கினால் இன்னும் ஆஞ்சியோடென்சின். செக்குமாடு மாதிரி அதே சுற்று.

உப்பு விஷயம் இன்னும் வேடிக்கை. உப்பைப் பிடித்து வைக்கச் சொல்லும் ஹார்மோன் ஆல்டோஸ்டிரோன். அது திறக்கும் சோடியம் கதவை, ஒழுகி வந்த பிளாஸ்மின் என்ற புரதம் தானே திறந்துவிடுகிறது என்று 2009-ல் டென்மார்க் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அதாவது ஹார்மோன் உத்தரவே வராமல் உத்தரவு வந்த மாதிரி வேலை நடக்கிறது. காலில் வீக்கம் வர இது எவ்வளவு காரணம் என்பதில் விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் புரதம் சும்மா ஒழுகிப் போகும் கழிவு அல்ல என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

வைட்டமின் டி-யும் மாட்டிக்கொள்கிறது. அதைச் சுமந்து வரும் புரதத்தை உள்ளே இழுப்பதும் அதே மெகாலின்தான். ஆல்புமின் கூட்டத்தில் அதற்கு இடம் கிடைப்பதில்லை, மீதி சிறுநீரோடு போய்விடுகிறது. பாஸ்பேட்டை வெளியேற்றச் சொல்லி எலும்பு அனுப்பும் எஃப்ஜிஎஃப்23 என்ற ஹார்மோனுக்கும் இதே கதி. அதைக் கேட்கும் காது மாதிரி இருப்பது குளோதோ என்ற புரதம். சிறுநீரில் புரதம் போகும்போது குளோதோ குறைந்து, பாஸ்பேட் உள்ளேயே தங்குகிறது என்று 2015-ல் ஒரு ஆய்வு வந்தது. ஹார்மோன் கத்திக்கொண்டே இருக்கிறது, சிறுநீரகத்துக்குக் கேட்பதில்லை.

இப்போது அந்த நெசவாளரின் மாத்திரைக்கு வரலாம். எனலாப்ரில், ராமிப்ரில், லோசார்டான் எல்லாம் இந்த ஆஞ்சியோடென்சின் சங்கிலியை ஏதோ ஒரு இடத்தில் அறுப்பவை. நெரிபட்ட வெளிக்குழாய் தளர்கிறது, உள்ளழுத்தம் இறங்குகிறது, ஒழுக்கு குறைகிறது. முதல் வகை சர்க்கரை நோயில் காப்டோப்ரில் கொடுத்துப் பார்த்த 1993-ஆம் ஆண்டு ஆய்வில், மரணம், டயாலிசிஸ், மாற்று சிறுநீரகம் ஆகிய மூன்றும் சேர்ந்த அபாயம் பாதியாகக் குறைந்தது. பிரஷர் இறங்கியதை மட்டும் வைத்து அந்த லாபத்தை விளக்க முடியவில்லை. ஆக அவர் வாங்கியது பிரஷர் மாத்திரை அல்ல, ஒழுக்கு மாத்திரை. மெடிக்கல் ஷாப்காரர் இப்படி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் நிறுத்தியிருக்கமாட்டார்.

ஆரம்பித்த கொஞ்ச நாளில் கிரியேட்டினின் சிறிது ஏறும். அதைப் பார்த்து பயந்து தானாக நிறுத்தக்கூடாது, டாக்டரிடம் காட்ட வேண்டும். பொட்டாசியமும் பார்க்க வேண்டும். வாந்தி பேதி வந்தால் கேட்டுக்கொண்டு தற்காலிகமாக நிறுத்தலாம். கர்ப்பத்தில் இந்த மாத்திரை கூடவே கூடாது. திருப்புட்குழியில் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. குழந்தை வேண்டி, வறுத்த பயறை மடியில் கட்டிக்கொண்டு படுத்தால், பயறு முளைத்தவர்களுக்குப் பிள்ளை பிறக்கும் என்ற நம்பிக்கையோடு பெண்கள் வரும் கோயில் அது. அப்படி வருகிறவர்களில் சர்க்கரைக்காகவோ பிரஷருக்காகவோ இந்த வகை மாத்திரை சாப்பிடுபவர் இருந்தால், முளைப்பதற்கு முன்னாலேயே டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்வது நல்லது.

நெசவாளருக்கென்றே இன்னொரு ஆபத்தும் உண்டு. குழித்தறியில் நாள் முழுக்க உட்கார்ந்தால் இடுப்பும் முழங்காலும் வலிக்காமல் இருக்குமா? வலி மாத்திரை கடையில் சீட்டில்லாமலே கிடைக்கிறது. டைக்ளோபினாக் போன்றவை புரோஸ்டாகிளாண்டின்களைத் தடுக்கின்றன. முடிச்சுக்குள் ரத்தம் வரும் குழாயைத் திறந்து வைக்கும் உள்ளூர் ஹார்மோன்கள் அவை. ஒரு பக்கம் எனலாப்ரில் வெளிவாசலைத் தளர்த்த, இன்னொரு பக்கம் வலி மாத்திரை உள்வாசலைச் சாத்த, நீர் மாத்திரையும் சேர்ந்தால் சிறுநீரகம் திடீரென்று படுத்துவிடக்கூடும்.

சோதனையாவது செலவா என்றால் அதுவும் இல்லை. நம் சித்த மருத்துவத்தின் நீர்க்குறியில் நிறம், மணத்தோடு நுரையும் ஒரு குறி. 1827-ல் லண்டனில் ரிச்சர்ட் பிரைட் கரண்டியில் சிறுநீரை ஊற்றி மெழுகுவர்த்தியில் காய்ச்சிப் பார்த்தார், முட்டை வெள்ளை மாதிரி திரண்டது. சென்னையின் டாக்டர் எம்.கே. மணி, கிட்னி ஹெல்ப் டிரஸ்ட் மூலம் சென்னையை ஒட்டிய கிராமங்களில் சுமார் 25,000 பேரிடம் இதையே பெரிய அளவில் செய்து காட்டினார். உள்ளூர்ப் பெண்கள் வீடு வீடாகப் போனார்கள். சிறுநீரில் சல்போசாலிசிலிக் அமிலம் சில சொட்டு விட்டுப் பார்ப்பார்கள், கலங்கினால் புரதம். சர்க்கரைக்கு பெனடிக்ட் கரைசல். பிரஷர் பார்ப்பார்கள். மருந்தும் மலிவானதுதான். பிரஷர் இருந்தவர்களில் 96 சதவீதம் பேருக்கு அது 140/90-க்குள் வந்தது. தலைக்கு ஆண்டுச் செலவு கால் டாலர் சொச்சம். பிறகு திட்டம் நடக்காத பகுதியோடு ஒப்பிட்டபோது, சிறுநீரகம் பழுதானவர்கள் திட்டம் நடந்த இடத்தில் குறைவாக இருந்தார்கள்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளையும், சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு வயிற்று வழி டயாலிசிஸ் பைகளையும் வீட்டு வாசலுக்கே கொண்டுபோனது. 2023-ல் ஆரம்ப சுகாதார நிலையங்களில் சிறுநீர்ப் புரதச் சோதனையும் தொடங்கியது. நல்ல காரியம்தான். ஆனால் தறியை விட்டு இறங்கினால் அன்றைய கூலி போச்சு என்றிருப்பவர், எந்த வலியும் இல்லாதபோது சுகாதார நிலையத்துக்கு எதற்குப் போவார்? கெட்டுப்போன சிறுநீரகத்துக்கு டயாலிசிஸ் பை வாசலுக்கு வரும்போது, கெடாத சிறுநீரகத்துக்கு ஒரு சோதனைக் குச்சி வரக்கூடாதா? அதே பையில் ஒரு டப்பா குச்சி வைக்க எவ்வளவு இடம் வேண்டும்? பிளஸ் வந்தால் மறுபடி பார்க்க வேண்டும். காய்ச்சலிலும் சிறுநீர்த் தொற்றிலும் சும்மாவே பிளஸ் காட்டும். மூன்று மாதம் தாண்டியும் இருந்தால்தான் கவலை. அந்த இரண்டாவது பிளஸ்ஸோடு மாத்திரையைக் கொடுக்கும்போது, "இது பிரஷருக்கு இல்லீங்க, ஒழுக்குக்கு" என்றும் சொல்லிக் கொடுக்க வேண்டும்.