சகோதரி என்பவள் யார்?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ‘சொரோரிட்டி’ எனப்படும் மாணவியர் சங்கங்கள் உள்ளன. ‘சகோதரி’ என்பதே அப்பெயரின் வேர். சேர விரும்பும் புதிய மாணவியர் சில நாட்கள் ஒவ்வொரு சங்க இல்லமாகச் சென்று உரையாடுவர். இறுதியில் அழைப்பு வரும், சிலருக்கு வராது.

2013இல் அலபாமா பல்கலைக்கழகத்தில், தகுதிமிக்க ஒரு கறுப்பின மாணவிக்கு எந்த அழைப்பும் வரவில்லை. பழைய மாணவியர் தடுத்தனர் என்று, சங்கத்தின் உள்ளேயிருந்த மாணவியரே மாணவர் பத்திரிகைக்குச் சொன்னார்கள். எதிர்ப்பு எழுந்தது, சேர்க்கை மீண்டும் திறக்கப்பட்டது.

அழைப்புக் கிடைக்காதவள் குறைந்தவள் அல்லள். அவளுக்காக உள்ளேயிருந்து வாய் திறந்தவளையே நான் சகோதரி என்பேன்.

எமது வகுப்பிலும் குழுக்கள் உண்டு. இடைவேளையில் தனியே அமர்ந்திருப்பவளைக் கண்டும் நான் பேசாதிருந்த நாட்கள் உண்டு. தோழியரே, நாளை அவளருகே நாமே சென்று அமர்வோம்.