கரிசல் என்னும் கலைச்சொல்

மதுரையிலிருந்து திருமங்கலம் கடந்து தெற்கே செல்வோர், கள்ளிக்குடியை நெருங்குகையில் மண் கறுத்து வருவதைக் காணலாம். மேலூர்ப் பக்கம் அது செம்மண்; சோழவந்தானிலோ வையை கொணர்ந்த வண்டல். இவற்றைப் பிரித்தறிந்து பெயரிட்டவர் நம் உழவர். அப்பெயர்களை வெறும் நாட்டுவழக்கென ஒதுக்கும் மனப்பான்மை கற்றோரிடையே உண்டு. அது பிழை என்பதே நம் கருத்து.

மண்ணியலின் தந்தை எனப் போற்றப்படும் உருசிய அறிஞர் தொக்குச்சாயேவ், 1883-இல் தம் நாட்டுக் கருமண்ணைப் பற்றிய நூலை வெளியிட்டார். மண் என்பது பாறைத்துகள் மட்டுமன்று. தட்பவெப்பமும் உயிர்களும் நிலத்தின் மேடுபள்ளமும் காலமும் கூடி ஆக்கிய தனிப்பொருள் என நிறுவினார். அதற்கென இலத்தீன் பெயரை அவர் தேடவில்லை. உழவர் வழங்கிய 'செர்னோசெம்' என்ற சொல்லையே எடுத்தாண்டார். இன்று அஃது உலகக் கலைச்சொல்.

இந்திய மண்வகைகளை ஆராய்ந்த வோல்க்கர் (1893), லெதர் (1898) ஆகியோர் காலத்தில் கரிசலுக்கு வழங்கிய பெயர் 'ரெகர்'. அது தெலுங்கின் 'ரேகடி' எனும் சொல்லின் திரிபு. தெலுங்கு உழவரின் சொல் ஏடேறியது. நம் சொல் ஏறவில்லை. குறை சொல்லினதா, நம்மதா?

1975-இல் வெளிவந்த அமெரிக்க வகைப்பாடு கரிசலை 'வெர்டிசால்' என்னும் பிரிவில் சேர்க்கிறது. புரளும் மண் என்பது அதன் கருத்து. கோடையில் வெடிக்கும், மேல்மண் வெடிப்பினுள் விழும், மழையில் உப்பி மூடிக்கொள்ளும். கரிசலில் ஆழமின்றிக் கடைக்கால் இட்ட வீட்டின் சுவர் பிளப்பதும் இதனாலேயே. மனை வாங்குவோர் இதனைக் கருதுவதில்லை என்பது வேறு செய்தி.

வள்ளுவர் கல்லாதவரைக் களர்நிலத்திற்கு ஒப்பிட்டதை உரையோடு ஒப்பித்த மாணவர் ஒருவரிடம், களருக்கும் உவருக்கும் வேறுபாடு யாதெனக் கேட்டோம். விழித்தார். அவர் உழவர் வீட்டுப் பிள்ளை! உவர் நிலத்தில் நன்னீர் தேக்கி வடித்தால் உப்புக் கழியும். களருக்கு அது போதாது, ஜிப்சம் இடவேண்டும். சொல் மயங்கினால் மருந்தும் மயங்கும். நிலமும் பொழுதும் முதற்பொருள் எனத் தேர்வில் எழுதும் நாம், நிலத்தை எங்கே பார்த்தோம்?

வரும் கோடை விடுமுறையில் நம் துறை மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் ஊர் மண்ணின் பெயர்களையும், எம்மண்ணில் எப்பயிர் விளையும் என்பதையும் முதியோரிடம் கேட்டு எழுதிவரலாம். பெயருக்கு ஒரு கைப்பிடி மண்ணும் உடன் கொணர்ந்தால், வேதியியல் துறை நண்பர்களிடம் சோதித்துத் தருமாறு நாமே கேட்போம்.