நந்திக்கடற் கரையும் துவிச்சக்கரவண்டியும்

வைகாசிப் பொங்கலன்று எம்மிற் பலர் மோட்டார் வண்டியில் வற்றாப்பளைக்குச் சென்று, கண்ணகை அம்மனை வணங்கி, அன்றே மீள்கின்றோம். கடல்நீரில் விளக்கெரியும் அற்புதத்தைப் பேசும் நாம், ஆலயத்தின் அருகே பரந்து கிடக்கும் நந்திக்கடலைக் கண்ணாரக் காண்பதில்லை. இது குறையென்றே கூறுவோம்.

அக்களப்பைக் காணத்தக்க ஊர்தி துவிச்சக்கரவண்டியே. முள்ளியவளையிலிருந்து வற்றாப்பளைக்கும், பின்னர் முல்லைத்தீவு வழியாக வட்டுவாகற் பாலத்துக்கும் விடியற்காலையிற் செல்பவர், ஆழங்குறைந்த நீரில் வலை வீசுவோரையும், மாரியில் வலசை வரும் புள்ளினங்களையும் காண்பர். வேண்டிய இடத்தில் இறங்கலாம். ஓசையின்மையாற் பறவையும் வெருளாது.

எனினும் இது வெறும் உல்லாசக் கரையன்று. 2009 மே மாதத்தில் எம்மக்கள் உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு கடந்த நீர் இது. கடவாமலே மாண்டவர் பலர். விரைந்து செல்வோர் பாலத்தை மட்டுமே காண்பர்; மெல்லச் செல்வோரே நின்று தலைவணங்குவர்.

2017 இல் இக்களப்பு இயற்கை ஒதுக்கிடமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. பறவைக்குக் காப்பும் வேண்டும். வலைஞர்க்கு வாழ்வும் வேண்டும். இரண்டையுஞ் சீர்தூக்கிப் பேசுதற்கு, நிலத்தை நேரில் அறிந்த இளைஞர் தேவை. ஆதலின் பழைய மாணவர் சங்கம் ஆண்டுதோறும் மாணவரை அக்கரைக்குத் துவிச்சக்கரவண்டியில் அழைத்துச் செல்லுதல் வேண்டும். நாமும் உடன் மிதிப்போம்.