வாசிச்சவன் பேரு எங்க?

'இளைய நிலா' பாட்டுல நீங்க மொதல்ல கேக்குறது எஸ்.பி.பி. குரல் இல்ல. கிடார். அந்த ஆரம்பத்துக்காகவே கிடார் வாங்கி, ஆறு மாசத்துல அதைப் பரண்ல போட்ட ஆளுங்க என் காலேஜ் ஹாஸ்டல்ல மட்டும் ஒரு டஜன் தேறும். அந்தப் படத்துப் பேரு, இசையமைப்பாளர், பாடினவர், எழுதினவர், ஹீரோ எல்லாம் நமக்கு அத்துப்படி. பயணங்கள் முடிவதில்லை, 1982, இளையராஜா, வைரமுத்து, மோகன். டைரக்டர் ஆர்.சுந்தர்ராஜன்னுகூட சொல்லிடுவோம். சரி, கிடார் வாசிச்சது யாரு மக்களே?

ஆர்.சந்திரசேகர். எத்தனை பேருக்குத் தெரியும்? கையத் தூக்குங்க பார்ப்போம்.

இதைச் சொன்னா ராஜா ரசிகர்கள் (நானும் அதே கூட்டம்தான், அடிக்க வராதீங்க) ஒரே பதிலை வெச்சிருப்பாங்க. "ராஜா எல்லாத்தையும் நொட்டேஷனா எழுதிக் கொடுத்துடுவாரு. வாத்தியக்காரர் எழுதினதை வாசிச்சாரு, அவ்ளோதான்." மொதல் பாதி நூத்துக்கு நூறு உண்மை. தன்ராஜ் மாஸ்டர்கிட்ட மேற்கத்திய இசை படிச்சவர், லண்டன் டிரினிட்டி காலேஜ் கிளாசிக்கல் கிடார் பரீட்சை பாஸ் பண்ணவர். கிடாருக்கு என்ன எழுதணும்னு அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ரெண்டாவது பாதிதான் அபத்தம். எஸ்.பி.பி.யும் ராஜா சொல்லிக் கொடுத்த மெட்டைத்தானே பாடினாரு? அவர் பேரை அட்டையில போடாம விட்டீங்களா?

நொட்டேஷன்ல என்ன இருக்கும்? எந்த ஸ்வரம், எவ்வளவு நேரம். தந்தியை நகத்தால தட்டணுமா, விரல் சதையாலயா, பிரிட்ஜ் பக்கமா, ஓட்டைக்கு மேலயா, ஒரு ஸ்வரம் அடங்குறதுக்குள்ள அடுத்தது எப்படி அது மேல வழியணும்... இதுல பெரும்பாலானது பேப்பர்ல வராது. இன்னிக்கு மாதிரி கம்ப்யூட்டர்ல வெட்டி ஒட்டுற வசதியும் அப்போ கிடையாது.

நம்பலைன்னா இங்கிலாந்துக்குப் போவோம். 'அப்பாச்சி'ன்னு ஒரு கிடார் இசை, ஜெர்ரி லார்டன் போட்டது. அதை மொதல்ல ரெக்கார்ட் பண்ணது பெர்ட் வீடன். லார்டனுக்கு அது பிடிக்கல. அப்புறம் ஷேடோஸ் குழுவுக்கு யூகலேலியில வாசிச்சுக் காட்டினாரு. 1960ல ஹாங்க் மார்வின் ஒரு எக்கோ கருவியை மாட்டி, ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிடார்ல வாசிச்சாரு. அஞ்சு வாரம் பிரிட்டன்ல நம்பர் ஒன். வீடன் வெர்ஷன் 24ஆம் இடத்தோட நின்னுச்சு. அதே மெட்டு, ஆளு வேற, கை வேற. இன்னிக்கும் லார்டன் பேரும் இருக்கு, மார்வின் பேரும் இருக்கு. ஒருத்தர் பேரைப் போட்டா இன்னொருத்தர் பேரு தேஞ்சா போச்சு?

வெள்ளைக்காரன் யோக்கியம்னு சொல்ல வரல. அமெரிக்காவுல மோடவுன் கம்பெனி தன் ஆஸ்தான வாத்தியக்காரங்க பேரை வருஷக்கணக்கா அட்டையில போடல. 1971ல மார்வின் கே ஆல்பத்துலதான் போட்டாங்க. இங்கயும் ஏ.ஆர்.ரஹ்மான் கேசட் அட்டையில வாத்தியக்காரங்க பேரைப் போட ஆரம்பிச்சாரு. அதனால அவர் இசையோட மவுசு ஒண்ணும் குறையல.

'இளைய நிலா' இந்திக்கும் போச்சு. 1983ல 'கலாகார்' படத்துல 'நீலே நீலே அம்பர் பர்', கிஷோர் குமார் பாடினது, இசை கல்யாண்ஜி-ஆனந்த்ஜின்னு கார்டு. வடக்க கிடார் கத்துக்கிற பசங்க இன்னிக்கும் அதை வாசிக்கிறாங்க. ராஜா பேரு அங்க காணாமப் போனதுக்கு நாம எகிறிக் குதிக்கிறோம், நியாயம். அதே நியாயத்துல கால்வாசி சந்திரசேகருக்குக் கிடையாதா?

சட்டத்தைப் பார்த்தா இன்னும் வேடிக்கை. 1957 காப்புரிமைச் சட்டத்துல நிகழ்த்துகிறவருக்கான உரிமை 1994 திருத்தத்துலதான் வந்துச்சு. 'நான்தான் வாசிச்சேன்னு சொல்லு'ன்னு கேக்குற உரிமை 2012 திருத்தத்துல. அதே திருத்தத்துல ஒரு வால்: சினிமாவுல ஒருத்தரோட பங்கு உதிரியானதா இருந்து, தொழில் வழக்கப்படி அவர் பேரை எங்கயும் போடலைன்னா, பேரைக் கேக்குற விஷயத்துல அவர் நிகழ்த்துகிறவரே இல்லையாம். பேரு போடல, அதனால அவர் கலைஞர் இல்ல. கலைஞர் இல்ல, அதனால பேரு போட வேண்டாம். இந்த மாதிரி லூப்பை நான் எழுதியிருந்தா என் லீடு அன்னிக்கே சீட்டைக் கிழிச்சிருப்பாரு. கிடார் வாசிக்கிறது 'உதிரி'யான்னு வக்கீலுங்க வாதாடட்டும். வாதாடுற நெலமைக்கு விட்டதே அசிங்கம்.

2017ல ராஜா எஸ்.பி.பி.க்கு நோட்டீஸ் அனுப்பினப்ப ஊரே ரெண்டு பட்டுச்சே. பாட்டு இசையமைச்சவருக்கா, பாடினவருக்கா, காசு போட்ட தயாரிப்பாளருக்கான்னு டீக்கடை வரைக்கும் சண்டை. வாசிச்சவருக்கும் ஒரு பங்குன்னு என் காதுல ஒரு குரல்கூட விழல.

"சம்பளம் வாங்கிட்டாருல்ல"ம்பாங்க. நானும்தான் வாங்குறேன். ஆனா ஆபீசுல ஆணி புடுங்குறப்ப ஒரு கமா மாத்தினாலும் என் பேரு, தேதி, நேரம் மூணும் கிட்ல ஏறிடும். யாருமே படிக்காத அந்தக் குப்பைக்கு என் பேரு இருக்கு. நாப்பது வருஷமா நாடே முணுமுணுக்குற கிடாருக்கு இல்ல.

எங்க ஊரு கொடும்பாளூர். திருச்சியிலருந்து மதுரை ரோட்டுல விராலிமலை தாண்டினா வரும். அங்க மூவர் கோயில், பத்தாம் நூற்றாண்டுல பூதி விக்கிரமகேசரி கட்டினது. தன் பேருக்கு ஒண்ணு, கற்றளி, வரகுணைன்னு ரெண்டு மனைவிங்க பேருக்கு ரெண்டு. இப்ப நிக்கிறது ரெண்டு, மூணாவதுக்கு அடித்தளம் மட்டும். கல்வெட்டுல ராஜாவோட வம்சமே இருக்கு, செதுக்கின தச்சன் பேரு இல்ல. "அந்தக் காலமே அப்படித்தாம்ப்பா"ன்னு சொல்லித் தப்பிக்கவும் முடியாது. தஞ்சாவூர் பெரிய கோயில்ல ராஜராஜன் பெருந்தச்சன் குஞ்சரமல்லன் பேரைப் பொறிச்சான். தளிச்சேரிப் பெண்கள் 400 பேரையும் பேரோட, எந்த ஊர்க் கோயில்லருந்து வந்தாங்கன்னு சேர்த்துப் பொறிச்சான். உளி வெச்சு, கல்லுல. ஒரு ஆப்புல நாலு வரி டைப் பண்ண உங்களுக்கு என்ன கேடு?

கேக்குறது ரொம்ப சிம்பிள். பழைய பாட்டுங்களை இசைத்தட்டா மறுபடி போட்டு ஆயிரக்கணக்குல விலை வெக்கிறீங்கல்ல, அந்த அட்டையில கிடார், பேஸ், டிரம்ஸ், புல்லாங்குழல்னு பேரைப் போடுங்க. யாரு வாசிச்சதுன்னு தெரிஞ்சவங்க இன்னும் சிலர் நம்மகூட இருக்காங்க. ராஜாவோட டிரம்மர் புருஷோத்தமன் 2020ல போயிட்டாரு. மிச்சம் இருக்கிறவங்க வீட்டுக்கு ஒரு நோட்டுப் புத்தகத்தோட நாளைக்கே ஆள் அனுப்பலாம்.