கூட்டைப் படம் பிடிப்பதும் வேட்டைதான்

போன மாசி மாதம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. என் பேரன் எடுத்தது. நாட்டுக் கருவேல மரத்தின் உச்சியில் கூடு. கூட்டின் விளிம்பில் மஞ்சள் மூக்கு நாரை ஒன்று இறக்கையை விரித்து எழும்புகிறது. அதன் காலடியில் மூன்று குஞ்சுகள். படம் அருமை, அதில் சந்தேகமே இல்லை. என் கொழுந்தியாள் 'அன்னப்பறவை மாதிரி இருக்கு' என்று எழுதினாள். குழுவில் எல்லோரும் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. அதற்காக வீட்டில் ஒரு வாரம் பேச்சு கேட்டேன். அதற்குப் பதில்தான் இந்தப் பதிவு.

முதலில் அன்னம். வெள்ளை அன்னம் ஐரோப்பா போன்ற இடங்களில் கூடு கட்டும். அங்கே கூட்டுக்குப் பக்கத்தில் யாராவது போனால் ஆண் அன்னம் சீறிக்கொண்டு வந்து இறக்கையால் அடிக்கும். போனவர் ஓட வேண்டியதுதான். நம் நாரைக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. ஆள் கிட்டே வந்தால் கூட்டை விட்டுப் பறந்துவிடும். அது எழும்பிப் பறக்கிற அழகைத்தான் நாம் படம் என்று மாட்டி வைக்கிறோம்.

பேரனைக் கூப்பிட்டுக் கேட்டேன். "இவ்வளவு கிட்டத்தில எப்படிய்யா எடுத்த?"

"கரையை விட்டு இறங்கி முழங்கால் தண்ணியில போனோம் தாத்தா. கூட வந்த அண்ணன் கையைத் தட்டுனாரு. அது எந்திரிச்சது."

"எவ்வளவு நேரம் நின்னீங்க?"

"முக்கா மணி நேரம் இருக்கும்."

மாசி வெயிலில் மத்தியான நேரம் முக்கால் மணி. அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி, கமுதி, முதுகுளத்தூர் வரைக்கும் எங்கள் பக்கத்து வெயிலைத் தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. தாய் நாரை கூட்டில் சும்மா நிற்பதில்லை. இறக்கையை விரித்துக் குஞ்சுகளுக்குக் குடை பிடித்துக்கொண்டு நிற்கிறது. தாயும் தகப்பனும் முறை வைத்துக் காவல் நிற்கின்றன. அந்தக் குடையை எடுத்துவிட்டால் இறகு முளைக்காத குஞ்சு வெந்துபோகும். வெயில் விட்டாலும் காக்கை விடாது. கூடு காலியானதை நாம் கவனிக்கிறோமோ இல்லையோ, காக்கையும் பருந்தும் கவனித்துவிடும்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. 1981-ல் தாலுகா ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தபோது என்னிடம் ஓர் ஆக்ஃபா கிளிக் கேமரா இருந்தது. ஒரு ரோலுக்கு 12 படம். தள்ளி நின்று எடுத்தால் பறவை எறும்பு மாதிரி விழும். அதனால் ஒரு கண்மாய்க்குள் கருவேல மரத்தில் ஏறிக் கொக்குக் கூட்டைக் கைக்கெட்டும் தூரத்தில் படம் எடுத்தேன். நீல நிறத்தில் நான்கு முட்டை. மறுநாள் ஒரு படம் பாக்கி இருக்கிறதே என்று மறுபடி போனேன். கூட்டில் ஒன்றும் இல்லை. மரத்தடியில் ஓடுகள் கிடந்தன. அந்தப் படத்தைச் சட்டம் போட்டு 20 வருஷத்துக்கு மேல் ஹாலில் மாட்டியிருந்தேன். வந்தவர்களெல்லாம் பாராட்டினார்கள். ஓடு கிடந்ததை ஒருவரிடமும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

நான் காரைக்காலில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். பள்ளியில் கிடைத்த பிரெஞ்சுப் பத்திரிகைகளில் காட்டு விலங்குப் படங்கள் வரும். அவற்றுக்கு அவர்கள் வைத்த பெயர் 'ஷாஸ் ஃபோத்தோகிராஃபிக்'. ஷாஸ் என்றால் வேட்டை. துப்பாக்கிக்குப் பதில் கேமராவைக் கொண்டு வேட்டை, ரத்தம் சிந்தாத வேட்டை என்று பெருமையாகத்தான் அந்தப் பெயர். அப்போது எனக்கும் பெருமையாகத்தான் பட்டது.

பிற்காலத்தில் ஆபீஸில் சட்டப் புத்தகங்களைப் புரட்டுகிற பழக்கம் வந்தது. வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம், 1972. அதில் பிரிவு 2(16), வேட்டை என்பதற்கு விளக்கம் சொல்கிறது. சுடுவது, பொறி வைப்பது, விஷம் வைப்பது, துரத்துவது எல்லாம் வேட்டை. அதோடு, காட்டுப் பறவைகளின் முட்டைகளையோ கூடுகளையோ தொந்தரவு செய்வதும் வேட்டை. ஆக, பிரெஞ்சுக்காரன் பெருமைக்குச் சொன்னதை நம் சட்டம் குற்றமாகவே எழுதி வைத்திருக்கிறது.

இதற்கு எனக்குச் சொல்லப்பட்ட பதில்களையும் பார்த்துவிடுவோம்.

'படம் எடுத்தால்தானே தாத்தா ஜனங்களுக்குப் பறவை மேல் பிரியம் வரும்' என்றான் பேரன். வரட்டும். வயலில் மேய்கிற நாரை, வானத்தில் வட்டமிடுகிற கூழைக்கடா, கரையோரம் நடக்கிற அரிவாள் மூக்கன் எல்லாம் பறவைதான். அவற்றை எடுக்க யார் தடுத்தார்கள்? பிரசவ அறைக்குள் போய் எடுத்தால்தான் குழந்தை மேல் பிரியம் வருமா?

'ஆடு மாடு மேய்க்கிறவர்கள் போகவில்லையா' என்றார் மருமகன். அவர்கள் தினமும் ஒரே தடத்தில் போகிறார்கள். கூட்டைப் பார்த்து நடப்பதில்லை. பறவைக்கு அந்த வித்தியாசம் தெரியும்.

ஊர்க்காரர்களைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று சொல்கிறேன். சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிக் கொள்ளுகுடிப்பட்டி என்று ஒரு கிராமம். கூட்டில் குஞ்சு இருக்கிறது என்று அந்த ஊரில் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பிள்ளைகளும் வெடி கேட்பதில்லை. ஒரு ஊரே பண்டிகை வெடியை விட்டுக்கொடுக்கிறது. லட்ச ரூபாய் லென்ஸ் வைத்திருப்பவருக்கு இருபது அடி தள்ளி நிற்க முடியவில்லை என்றால் லென்ஸ் எதற்கு?

எங்கள் வறண்ட சீமையில் இது இன்னும் பெரிய விஷயம். முதுகுளத்தூர்ப் பக்கம் சித்திரங்குடிக்கும் காஞ்சிரங்குளத்துக்கும் 2022-ல் ராம்சர் பட்டியலில் இடம் கிடைத்தது. உலகப் பெருமைதான். ஆனால் அவை வானம் பார்த்த கண்மாய்கள். ஐப்பசி, கார்த்திகை மழை பொய்த்தால் அந்த வருஷம் கூடே இல்லை. முட்டை பொரிக்க ஒரு மாதம், குஞ்சு பறக்க இரண்டு மாதம். அதற்குள் தண்ணீர் வற்றாமல் இருக்க வேண்டும். இத்தனையும் கூடி வருகிற ஒரு வருஷத்தில், ஒரு படத்துக்காகக் கூட்டைக் காலி செய்வது அநியாயம்.

என்னை ஒத்த வயதுக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். பேரப் பிள்ளைகள் கூட்டுப் படம் அனுப்பினால் கை தட்டாதீர்கள். எவ்வளவு தூரத்தில் நின்று எடுத்தாய் என்று கேளுங்கள். கரையை விட்டு இறங்க வேண்டாம், ட்ரோன் பறக்கவிட வேண்டாம், பறவை கழுத்தை நீட்டி எழுந்து நின்றாலே நீ அதிகம் நெருங்கிவிட்டாய் என்று சொல்லுங்கள். எந்தக் கண்மாய் என்று ஊருக்கெல்லாம் எழுத வேண்டாம் என்றும் சொல்லுங்கள். அதனால்தான் பேரன் போன கண்மாயின் பெயரை நானும் இங்கே எழுதவில்லை.

பேரன் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். பிறகு அந்தப் படத்தைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டான். வருகிற தையில் மறுபடி போகலாம் என்கிறான், கண்காணிப்புக் கோபுரத்தில் நின்று எடுப்பதாக ஒப்பந்தம். நானும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். படி ஏற முழங்கால் ஒத்துழைக்க வேண்டும்.